ஒருமுறை வந்த நோய் மறுமுறை வாராதா? – எதிர்ப்பாற்றல் பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை



கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி வாயிலிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் ஓயாமல் எழுந்த கேள்விகள் இரண்டு. "எனக்குத்தான் ஒருமுறை வந்து போய்விட்டதே, இனி ஊசி எதற்கு?" என்பது முதலாவது. "ஊசி போட்டுக்கொண்டவருக்கும் நோய் வருகிறதே, பிறகு ஊசியால் என்ன பயன்?" என்பது இரண்டாவது.

இவற்றை அறியாமையில் பிறந்த கேள்விகள் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த உண்மையின் எல்லை எதுவரை என்பதை அறிவதற்கு மனித குலம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பெருந்தொற்றின் அச்சம் தணிந்திருக்கும் இவ்வேளையில் அந்த வரலாற்றை அமைதியாகத் திரும்பிப் பார்ப்பது நலம் பயக்கும். நம் பிள்ளைகளுக்குப் போடப்படும் தட்டம்மை, தொண்டை அடைப்பான், இளம்பிள்ளைவாதத் தடுப்பூசிகளைப் பற்றியும் இதே ஐயங்கள் எழுந்துகொண்டே இருப்பதால், இது பழங்கதையும் அன்று.

ஏதென்ஸ் நகரின் சாட்சி

கி.மு. 430. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரம் ஸ்பார்ட்டாவுடன் போரில் ஈடுபட்டிருந்தது. மதில்களுக்குள் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த அந்நகரில் கொடிய கொள்ளைநோய் ஒன்று புகுந்தது. அது என்ன நோய் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அந்நோய்க்கு ஆளாகிப் பிழைத்தவர்களுள் ஒருவர் துசிடிடீஸ் என்னும் வரலாற்றாசிரியர். தாம் பட்டதையும் கண்டதையும் அவர் எழுதி வைத்தார்.

அவர் குறித்து வைத்த செய்திகளுள் ஒன்று நம் கவனத்திற்கு உரியது. நோயாளிகளின் அருகே செல்லவே எல்லாரும் அஞ்சியபோது, நோய் வந்து பிழைத்தவர்கள் மட்டும் அச்சமின்றி அவர்களைப் பேணினராம். ஏனெனில் அந்நோய் ஒருவரை இரண்டாம் முறை பற்றுவதில்லை; பற்றினாலும் உயிரைக் கொள்வதில்லை என்று கண்டிருந்தனர். பிழைத்தவர்களுள் சிலர் மகிழ்ச்சியின் மிகுதியால், இனி வேறு எந்த நோயாலும் தாம் சாகப் போவதில்லை என்றுகூட நம்பினர் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

இந்தச் சிறு குறிப்பில் மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, உடல் நோயை நினைவில் வைத்துக்கொள்கிறது. இரண்டு, நோய் மீண்டும் பற்றாமை வேறு, பற்றினாலும் கொல்லாமை வேறு. மூன்று, ஒரு நோய்க்குக் கிடைத்த பாதுகாப்பு எல்லா நோய்க்கும் உரியதென்று எண்ணுவது வீண் நம்பிக்கை. இவற்றுள் இரண்டாவது பாடமே கோறனி நச்சிலைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல். அதனைக் கட்டுரை நெடுகிலும் நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

பாஸ்டன் நகரின் கணக்கு

பெரியம்மைத் தழும்பு உடையவரை அந்நோய் மீண்டும் தீண்டாது என்பது பல நாட்டு மக்களும் அறிந்திருந்த செய்தி. அந்தப் பாதுகாப்பைப் பெற ஒருவர் கொடுக்க வேண்டிய விலையோ மிகப் பெரிது. பிழைத்தால்தானே பாதுகாப்பு!

ஆகவே இந்தியா, துருக்கி, ஆப்பிரிக்கா முதலிய பகுதிகளில் மக்கள் ஒரு குறுக்கு வழியைக் கண்டிருந்தனர். நோயாளியின் கொப்புளத்திலிருந்து சிறிதளவு சீழை எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி அதில் இடுவர். அவருக்கும் பெரியம்மையே வரும். ஆயினும் பெரும்பாலும் மிதமாக வந்து போகும்.

1721ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் பாஸ்டன் நகரைப் பெரியம்மை தாக்கியது. ஒனேசிமஸ் என்னும் ஆப்பிரிக்க அடிமை, தம் தாயகத்தில் தமக்குச் செய்யப்பட்ட இந்த முறையைப் பற்றித் தம்மை உடைமையாக வைத்திருந்த காட்டன் மாதர் என்னும் சமயகுருவிடம் முன்பே கூறியிருந்தார். மாதர் அதனை மருத்துவர்களுக்கு எழுதினார். சாப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற ஒரு மருத்துவர் மட்டும் துணிந்து முன்வந்தார். ஊரே எதிர்த்தது, மாதரின் வீட்டுக்குள் குண்டும் எறியப்பட்டது.

முடிவில் கிடைத்த கணக்கைப் பாருங்கள். அந்நகரில் இயல்பாக நோய் கண்டவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 844 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர். கீறி இடப்பட்டவர்கள் ஏறத்தாழ 240 பேர். அவர்களுள் இறந்தவர் 6 பேர். அதாவது நூற்றுக்கு இருவர் அல்லது மூவர். இரு வழியிலும் கிடைத்த பாதுகாப்பு ஒன்றே, விலையில்தான் வேறுபாடு. எதிர்ப்பாற்றலின் விலையை எண்ணிக்கையால் ஒப்பிட்ட மிகப் பழைய முயற்சிகளுள் இது ஒன்றாகும்.

அந்த விலையை மேலும் வெகுவாகக் குறைத்தவர் இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர். மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களைப் பெரியம்மை அண்டுவதில்லை என்ற நாட்டுப்புற நம்பிக்கையை அவர் சோதித்துப் பார்த்தார். 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் மாட்டம்மைச் சீழை இட்டார். சில வாரங்கள் கழித்துப் பெரியம்மைச் சீழையே இட்டுப் பார்த்தபோதும் அச்சிறுவனுக்கு நோய் வரவில்லை. இன்றைய அறநெறிப்படி ஒரு குழந்தையிடம் இத்தகைய சோதனையை யாரும் செய்ய இயலாது. ஆயினும் நோய்க்கு ஆளாகாமலேயே நோயின் பாடத்தை உடலுக்குக் கற்பிக்க முடியும் என்பது அன்று தெளிவாயிற்று. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் தாத்தா பாட்டியரின் கையில் நாம் கண்ட அம்மை குத்திய தழும்பு, அந்த நெடும் பயணத்தின் முத்திரை.

தீவுகளில் நடந்த இயற்கைத் தேர்வு

உடலின் நினைவு எத்தனை ஆண்டு நிலைக்கும்? இதற்கு விடை தந்தது வட அட்லாண்டிக் கடலில் உள்ள பரோயே தீவுகள்.

1846ஆம் ஆண்டு அத்தீவுகளில் தட்டம்மை பரவியது. மக்கள்தொகை ஏறத்தாழ 7,800. அவர்களுள் 6,000 பேருக்குமேல் நோய்வாய்ப்பட்டனர். டென்மார்க் அரசு பீட்டர் லுட்விக் பானும் என்ற இருபத்தைந்து வயது மருத்துவரை அங்கு அனுப்பியது. அவர் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார். அத்தீவுகளில் அதற்குமுன் தட்டம்மை பரவியது 1781ஆம் ஆண்டில். இடையில் 65 ஆண்டுகள் அந்நோய் அங்குத் தலைகாட்டவே இல்லை. 1781இல் சிறுவராக இருந்தபோது நோய் கண்டு, இன்னும் உயிரோடிருந்த 98 முதியவர்களைப் பானும் நேரில் கண்டார். அவர்களுள் ஒருவரைக்கூட நோய் இரண்டாம் முறை பற்றவில்லை. இளமையில் தட்டம்மை காணாத முதியவர்களோ, தொற்று நேர்ந்தபோது தப்பவில்லை.

ஆக, தட்டம்மையைப் பொறுத்தவரை உடலின் நினைவு ஏறத்தாழ ஓர் ஆயுட்காலம் நிலைக்கும் என்பது நிறுவப்பட்டது. "ஒருமுறை வந்தால் மறுமுறை வாராது" என்ற நம் வீட்டுப் பேச்சுக்கு அடிப்படை பெரியம்மையும் தட்டம்மையும்தான். இந்த அனுபவத்தையே எல்லா நோய்களுக்கும் பொருத்தியதுதான் பின்னாளில் குழப்பத்திற்கு வித்திட்டது.

நினைவு எங்கே இருக்கிறது?

1890ஆம் ஆண்டு ஜெர்மனியில் எமில் வான் பெரிங், சப்பானியரான ஷிபாசபுரோ கிட்டசாத்தோ ஆகிய இருவரும் ஒரு செய்தியை வெளியிட்டனர். நோயின் நஞ்சுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட விலங்கின் குருதிநீரை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால், பாதுகாப்பும் உடன் செல்கிறது என்பதே அது. குருதிநீரில் இருந்த அந்தப் பொருளையே நாம் இன்று எதிர்ப்பொருள் என்கிறோம். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்கு வழங்கப்பட்டது.

எதிர்ப்பொருள் மட்டுமே முழுக்கதை அன்று என்பது பின்னர்த் தெரிய வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், வெள்ளை அணுக்களுள் இரு வகையினர் அடையாளம் காணப்பட்டனர். பி உயிரணுக்கள் எதிர்ப்பொருளை உண்டாக்குபவை. டி உயிரணுக்களுள் ஒரு பிரிவு, நச்சில் புகுந்துவிட்ட உயிரணுக்களைத் தேடி அழிப்பவை. நோய் அகன்றபின் இவ்விரு வகையிலும் சில, நினைவு உயிரணுக்களாக உடலில் தங்கிவிடுகின்றன.

பள்ளிக்கூட உவமையால் இதனை விளக்கலாம். எதிர்ப்பொருள் என்பது வாயிலில் நிற்கும் காவலர். கிருமியை உள்ளே நுழையும்போதே மறிப்பவர். நினைவு உயிரணுக்களோ வளாகத்தின் உள்ளே ஓய்வில் இருக்கும் படை. கள்வன் உள்ளே புகுந்துவிட்டால் விரைந்து எழுந்து, பெருஞ்சேதம் விளையுமுன் அவனை மடக்குபவர்கள். வாயிற்காவலரின் எண்ணிக்கை நாளடைவில் குறையும். உள்ளிருக்கும் படை நெடுநாள் இருக்கும். துசிடிடீஸ் கண்ட "பற்றாமை", "கொல்லாமை" என்னும் இரண்டின் உட்பொருள் இதுவே.

சளிக்காய்ச்சலில் கற்ற பாடம்

கோறனி நச்சில் 2019இல் திடீரென்று தோன்றிய ஓரினம் என்று பலர் எண்ணுகின்றனர். அக்குடும்பம் நமக்கு முன்பே அறிமுகமானது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு அருகே 1946 முதல் ஒரு சளிக்காய்ச்சல் ஆய்வுக்கூடம் இயங்கி வந்தது. தொண்டூழியர்கள் அங்கு வந்து தங்கி, தங்கள் மூக்கில் சளிக்காய்ச்சல் கிருமியை விட்டுக்கொள்ள இசைந்தனர். 1960களில் டேவிட் டைரல் தலைமையிலான குழுவினர் புதுவகை நச்சில் ஒன்றைக் கண்டனர். அதனை மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்துக் காட்டியவர் ஜூன் அல்மெய்டா. கிளாஸ்கோ நகரில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, பதினாறு வயதில் பள்ளிப்படிப்பை விட்டு ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். நச்சிலைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற ஓர் அமைப்புத் தெரிந்ததால், மகுடம் என்னும் பொருள்தரும் பெயரை அதற்கு 1968இல் சூட்டினர். படிப்பில் இடைநின்ற மாணவர்களைக் குறைத்து மதிப்பிடும்போதெல்லாம் இவரை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே ஆய்வுக்கூடத்தின் இறுதிக் காலத்தில் நடந்த ஒரு சோதனை 1990இல் வெளியிடப்பட்டது. 15 தொண்டூழியர்களுக்கு 229இ என்னும் கோறனி நச்சில் மூக்கின் வழியே செலுத்தப்பட்டது. 10 பேரைத் தொற்று பற்றியது. அவர்களுள் 8 பேருக்குச் சளிக்காய்ச்சல் கண்டது. அவர்களின் எதிர்ப்பொருள் இரண்டு வாரங்களில் உச்சத்தை எட்டிப் பின்னர் மெல்லக் குறைந்தது. ஓராண்டுக்குப்பின் அதே நச்சில் மீண்டும் செலுத்தப்பட்டது. முன்பு தொற்று கண்டவர்களுள் சிலரை அது மறுபடியும் பற்றியது. ஆனால் நச்சில் உடலிலிருந்து வெளிப்பட்ட நாள்கள் குறைந்தன. ஒருவருக்கும் சளிக்காய்ச்சல் வரவில்லை.

2020இல் பெரும் குழப்பமாகத் தோன்றிய ஒன்றுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை இருந்தது. நச்சில் மீண்டும் பற்றும். நோய் மட்டும் முன்போல் வருத்தாது.

தட்டம்மைக்கும் கோறனி நச்சிலுக்கும் ஏன் இந்த வேறுபாடு? தட்டம்மைக் கிருமி உடலுக்குள் புகுந்து, உள்ளுறுப்புகளில் பெருகி, குருதி வழியே பரவி நோயாக வெளிப்படப் பத்து நாள்களுக்கு மேலாகும். அதற்குள் நினைவுப் படை விழித்தெழுந்து விடுகிறது. மேலும் அக்கிருமி தன் உருவை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. கோறனி நச்சிலோ மூக்கிலும் தொண்டையிலும் சில நாள்களிலேயே பெருகிவிடுகிறது. உள்ளிருக்கும் படை எழுவதற்குள் அது வாயிலைக் கடந்துவிடும். போதாக்குறைக்கு அடிக்கடி வேடத்தையும் மாற்றிக்கொள்கிறது.

சார்ஸ் விட்டுச்சென்ற நினைவு

2003ஆம் ஆண்டை நம் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சார்ஸ் என்னும் கொடிய நோயும் ஒரு கோறனி நச்சிலால் வந்ததே. சிங்கப்பூரில் 238 பேருக்கு நோய் கண்டது. 33 பேர் மாண்டனர். மார்ச் மாத இறுதியில் அங்குப் பள்ளிகள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது மாணவர்கள் ஆளுக்கொரு வெப்பமானியுடன் வகுப்பறையில் உடல் வெப்பத்தை அளந்தனர். அந்நோய் அவ்வாண்டிலேயே கட்டுக்குள் வந்தது.

நோயிலிருந்து மீண்டவர்களின் குருதியை ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கவனித்து வந்தனர். ஐந்தாறு ஆண்டுகளில் பெரும்பாலோரிடம் எதிர்ப்பொருள் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. பாதுகாப்பு முற்றாக மறைந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. 2020இல் சிங்கப்பூரில் நடந்த ஆய்வொன்று அந்த ஐயத்துக்கு விடை சொன்னது. 17 ஆண்டுகளுக்கு முன் சார்ஸ் கண்டு மீண்ட 23 பேரைச் சோதித்தபோது, அந்த நச்சிலை அடையாளம் காணும் டி உயிரணுக்கள் அவர்கள் உடலில் இன்னும் இருந்தன. அவை கோவிட்-19 நச்சிலின் ஒரு பகுதியையும் அடையாளம் கண்டுகொண்டன. வாயிற்காவலர் ஓய்வு பெற்றபின்னும் உள்ளே படை கலையாமல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெருந்தொற்றில் நடந்தது

2020ஆம் ஆண்டு சனவரி 23இல் சிங்கப்பூரிலும், 25இல் மலேசியாவிலும் முதல் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டனர். மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நம் வகுப்பறைகள் வெறிச்சோடின.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹாங்காங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஏற்கெனவே கோவிட் கண்டு குணமான 33 வயது ஆடவர் ஒருவர், ஐரோப்பாவிலிருந்து திரும்பியபோது விமான நிலையச் சோதனையில் மீண்டும் தொற்று உள்ளவராகக் கண்டறியப்பட்டார். இரண்டும் வேறு வேறு தொற்று என்பது நச்சிலின் மரபணுவால் உறுதியாயிற்று. இதழ்கள் இதனை அச்சமூட்டும் செய்தியாக வெளியிட்டன. இரண்டாம் முறை அவருக்கு எவ்வித நோய்க்குறியும் இல்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

டென்மார்க்கில் ஏறத்தாழ 40 இலட்சம் மக்களின் சோதனைப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 2021 மார்ச்சில் வெளியானது. முன்பு தொற்று கண்டவருக்கு மறுதொற்றிலிருந்து ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு இருந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடமோ அது 47 விழுக்காடாகச் சரிந்தது. யாருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அவர்களிடமே உடலின் நினைவு குறைவாக இருந்தது என்பது நெஞ்சைச் சுடும் உண்மை.

எல்லாருக்கும் ஒருமுறை வந்துவிட்டால் நோய் தானே அடங்கிவிடும் என்று சொன்னவர்களும் இருந்தனர். அதன் விளைவைப் பிரேசில் நாட்டின் மனாஸ் நகரம் காட்டியது. அங்கு 2020 அக்டோபருக்குள் நான்கில் மூன்று பங்கு மக்களுக்குத் தொற்று வந்து போயிருக்கும் என்று குருதிக்கொடையாளர்களைச் சோதித்த ஆய்வு மதிப்பிட்டது. நோய் இனி எழாது என்று எதிர்பார்த்திருந்த வேளையில், 2021 சனவரியில் உருமாறிய நச்சிலுடன் இரண்டாம் அலை எழுந்தது. மருத்துவமனைகளில் உயிர்வளி தீர்ந்து நோயாளிகள் மூச்சுத் திணறி மாண்டனர். இயல்பான தொற்றை நம்பி ஓர் ஊரைக் காக்க முயல்வது எத்தகைய சூதாட்டம் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

தடுப்பூசி தந்ததும் தராததும்

2020 டிசம்பரில் வெளியான பைசர் நிறுவனத்தின் ஆய்வில் 43,000 பேருக்குமேல் பங்குகொண்டனர். உண்மை ஊசி பெற்றவர்களுள் 8 பேருக்கும், வெற்றூசி பெற்றவர்களுள் 162 பேருக்கும் நோய் கண்டது. இதுவே 95 விழுக்காடு என்று உலகெங்கும் பேசப்பட்ட கணக்கு. அந்த எம்.ஆர்.என்.ஏ. தொழில்நுட்பத்துக்கு அடித்தளமிட்ட கத்தலின் கரிகோ, டுரூ வைஸ்மன் இருவரும் 2023இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்த 95 விழுக்காடு என்னும் எண்ணே மக்களின் எதிர்பார்ப்பை மிகையாக்கிவிட்டது. ஊசி போட்ட சில மாதங்களில், எதிர்ப்பொருள் உச்சத்தில் இருந்தபோது எடுக்கப்பட்ட கணக்கு அது. காலம் செல்லச்செல்லக் காவலர் குறைந்தனர். 2021 நவம்பரில் ஓமிக்ரான் என்னும் உருமாறிய நச்சிலும் வந்தது. ஊசி போட்டவர்களையும், முன்பு நோய் கண்டவர்களையும் அது வேறுபாடின்றிப் பற்றியது. "ஊசி பொய்த்துவிட்டது" என்ற பேச்சு கிளம்பியது.

நம் நாட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் 2021 பிப்ரவரி 24இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. மக்களுள் பெரும் பகுதியினர் முழுமையாக ஊசி பெற்றிராத 2021 ஆகஸ்டில், நாளொன்றுக்கு 20,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். இறப்புகள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் பதிவாயின. அவ்வாண்டு அக்டோபரில் பெரியவர்களுள் 90 விழுக்காட்டினர் முழுமையாக ஊசி பெற்றனர். 2022 மார்ச்சு ஓமிக்ரான் அலையில் தொற்று நாளொன்றுக்கு 30,000த்தையும் தாண்டியது. தொற்று கூடியது, ஆனால் இறப்புகளோ முந்தைய அலையின் பாதிக்கும் கீழே இருந்தன.

ஓமிக்ரான் இயல்பிலேயே மிதமானது, ஊசிக்கு இதில் பங்கில்லை என்று ஒருவர் வாதிடலாம். அவர் அதே மார்ச்சு மாதத்தில் ஹாங்காங்கில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கு எண்பது வயதைக் கடந்தவர்களுள் பெரும்பாலோர் ஊசி போடாமல் இருந்தனர். முந்தைய அலைகளில் நோய் பரவாததால் உடலில் வேறு நினைவும் இல்லை. அந்த ஓர் அலையில் மட்டும் 9,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முழுமையாக ஊசி பெறாத முதியவர்கள். மிதமானது என்று சொல்லப்பட்ட அதே நச்சில்தான் இத்தனை உயிர்களையும் பறித்தது.

2023இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பல நாடுகளின் முடிவுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தது. ஓமிக்ரான் காலத்தில், முன்பு நோய் மட்டும் கண்டவர்களுக்கு ஓராண்டுக்குப்பின் மறுதொற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு. கடும் நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு. நோயும் கண்டு ஊசியும் பெற்றவர்களுக்கோ முறையே 42, 97 விழுக்காடு. நோய் கண்டவருக்கும் ஊசி பயன் தந்தது என்பதை இவ்வெண்கள் உரைக்கின்றன.

விலையைப் பற்றி ஒரு சொல்

"இயற்கையாக வரும் எதிர்ப்பாற்றலே சிறந்தது" என்று கூறுவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். இயற்கைத் தொற்றினாலும் எதிர்ப்பாற்றல் உண்டாகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பாஸ்டன் நகரம் கற்பித்ததுபோல், அதன் விலையைக் கேட்காமல் பொருளை வாங்கலாகாது. கோவிட் கண்டவர்களுள் சிலர் மாதக்கணக்கில் களைப்பும் மூச்சுத் திணறலும் கொண்டு வாடினர். குழந்தைகளுள் மிகச் சிலருக்கு, தொற்று நீங்கிச் சில வாரங்கள் கழித்துப் பல உறுப்புகளில் அழற்சி ஏற்பட்டது.

ஊசிக்கும் விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்குப்பின் அரிதாக, குறிப்பாக இளம் ஆடவரிடையே, இதயத் தசை அழற்சி ஏற்பட்டது உண்மை. பெற்றோர் கேட்கும்போது இதனை ஒளிக்காமல் சொல்பவரின் சொல்லுக்கே மதிப்பிருக்கும். இரு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வயதையும் உடல்நிலையையும் கருதி முடிவு செய்வதே அறிவுடைமை.

தட்டம்மையின் விலையோ இன்னும் வியப்பானது. தடுப்பூசி போடாத 77 நெதர்லாந்துக் குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. தட்டம்மை வந்துபோனபின், அக்குழந்தைகளின் உடலில் மற்ற நோய்களுக்கு எதிராக முன்பிருந்த எதிர்ப்பொருள்களுள் 11 முதல் 73 விழுக்காடுவரை அழிந்து போயிருந்தன. தன்னைப் பற்றிய பாடத்தைக் கற்பித்துவிட்டு, முன்பு கற்ற பாடங்களை எல்லாம் கரும்பலகையிலிருந்து துடைத்துவிட்டுச் செல்கிறது அந்நோய். தடுப்பூசி அவ்வாறு துடைப்பதில்லை.

நமக்குரிய கடமை

2019 டிசம்பரில், 27 ஆண்டுகளுக்குப்பின் மலேசியாவில் இளம்பிள்ளைவாதம் மீண்டும் தோன்றியது. சபா மாநிலத்தைச் சேர்ந்த மூன்று மாதக் குழந்தை ஒன்று அதற்கு ஆளானது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், தொண்டை அடைப்பான் நோய் கெடா முதலிய மாநிலங்களில் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. மறந்துபோன நோய்கள் மறைந்துபோன நோய்கள் அல்ல. ஓர் ஊர் தன் எச்சரிக்கையைத் தளர்த்தும்போது அவை மீண்டும் கதவைத் தட்டுகின்றன.

கோவிட் பெருந்தொற்றின் அவசரநிலை முடிவுக்கு வந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் அறிவித்தது. இன்று நம்முள் ஏறத்தாழ எல்லாரிடமும் தொற்றாலோ ஊசியாலோ, இரண்டாலுமோ பெற்ற நினைவு இருக்கிறது. அதனால்தான் ஒரு காலத்தில் ஊரையே முடக்கிய நச்சில் இன்று பெரும்பாலோருக்குச் சில நாள் காய்ச்சலாக வந்து போகிறது. முதியோர், கருவுற்ற தாய்மார், நாட்பட்ட நோயுடையோர் ஆகியோருக்கு மட்டும் அந்த நினைவை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய தேவை எழுகிறது. யாருக்கு, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவதே முறை.

இனி, தொடக்கத்தில் கண்ட இரு கேள்விகளுக்கும் விடை கூறலாம். "ஒருமுறை வந்துவிட்டதே" என்பவருக்கு: ஆம், உங்கள் உடல் ஒரு பாடம் கற்றிருக்கிறது, ஆனால் இந்த நச்சில் விரைவில் வாயிலைத் தாண்டும் இயல்புடையது, வயது ஏறஏற அந்தப் பாடமும் மங்கும். "ஊசி போட்டும் வருகிறதே" என்பவருக்கு: ஊசி எப்போதும் வாயிலை அடைத்து வைக்காது, கள்வன் உள்ளே வந்தாலும் உயிரைக் கொண்டுபோகாமல் காக்கும் ஆற்றல்தான் அதனிடம் நெடுநாள் நிலைக்கிறது.

பற்றாமை வேறு, கொல்லாமை வேறு என்று ஏதென்ஸ் நகரத்து வரலாற்றாசிரியர் நுண்ணோக்கி இல்லாமலேயே கண்டார். நமக்கோ அத்தனை கருவிகளும் உள்ளன. நம் மாணவர்கள் அடுத்த பெருந்தொற்றைச் சந்திக்கும்போது, கைப்பேசியில் வரும் வதந்தியை நம்புவார்களா, கணக்கைக் கேட்டு விலையை ஒப்பிட்டுப் பார்ப்பார்களா என்பது இன்று வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் சொல்லித்தரும் வரலாற்றைப் பொறுத்தது. சிந்திப்போம், பிள்ளைகளையும் சிந்திக்கச் செய்வோம்.